காலி வண்டியின் முதல் சுற்று

காலையில் பனி ஹால் திறந்ததும், பனி வண்டியை முதல் பிள்ளைக்குக் கொடுப்பதற்கு முன்னால், ஆள் ஏற்றாமல், கூடவே நடந்து ஒரு சுற்று கொண்டுபோய் வரவேண்டும் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நீங்களும் செய்கிறீர்கள். டிக்கெட் வாங்கிய பிள்ளைகள் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்க்க, காலி வண்டிக்குப் பக்கத்தில் தேரோடு நடக்கிற மாதிரி நடப்பது சிலருக்கு வெட்கமாகக்கூட இருக்கும். நான் வேலையை விட்டு வந்த பிறகு ஒரு நாள் உங்களைப் பார்க்க வந்தேன் அல்லவா, அன்றைக்கு விக்ரோலியிலிருந்து வேலைக்கு வருகிற பெண் ஒருத்தி கேட்டாள்: "அம்மா, இந்தச் சுத்து எதுக்கு? பேட்டரிதானே வேஸ்ட்?"

கேள்வி நல்ல கேள்வி. அவளிடம் நின்று சொல்லி முடிக்கிற வரைக்கும் அன்றைக்கு என் பஸ் காத்திருக்காது. அதனால் இப்போது எல்லாருக்குமாகச் சொல்கிறேன்.

எனக்குக் கையெழுத்துப் போடவும் பஸ் நம்பர் படிக்கவும் தெரியும். அதற்கு மேல் எழுத்து என்னிடம் வந்து தங்கவில்லை. நான் சொல்ல மருமகள் எழுதுகிறாள். எனக்கு அவசரம் கிடையாது. உங்களில் தமிழ் படிக்க வராதவர்களுக்கு வருகிறவர்கள் வாசித்துக் காட்டுங்கள்.

தாராவிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். வெயிலும் மழையும் தவிர வேறு ஒன்றைப் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை. மாலுக்குள் பனி ஹால் திறந்து ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பனி எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் முதலில் போனேன். ஜாக்கெட் கவுண்டரில் போட்டார்கள். ஈர ஜாக்கெட்டை வாங்கு, உலர்ந்ததைக் கொடு, பூட்ஸை ஜோடி சேர். ஆனால் என் கண்ணெல்லாம் உள்ளே ஓடுகிற சின்ன வண்டிகள் மேல். முன்னால் இரண்டு சறுக்குப் பலகை, பின்னால் சக்கரத்துக்குப் பதிலாக ரப்பர் பட்டை. சக்கரமே இல்லாமல் ஒரு வண்டி எப்படித் திரும்பும்? எனக்குத் தூக்கம் வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் போய் நின்று அது என்ன, இது எதற்கு என்று கேட்டுக் கேட்டு, தொல்லை தாங்காமல் என்னை வண்டிப் பக்கமே மாற்றிவிட்டார்கள். அந்த ஹாலில் வண்டிப் பக்கம் வந்த முதல் பொம்பளை நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொல்லமாட்டேன். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

வண்டியைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்கப்போவதில்லை. பட்டையில் அடைந்த பனியைத் தட்டுவது, பேட்டரியை வெளியே சூடான அறையில் வைத்து சார்ஜ் போடுவது எல்லாம் நீங்கள் என்னைவிட வேகமாகச் செய்கிறீர்கள். கதைக்கு மூன்று சாமான் போதும். வலது கைப்பிடியில் கட்டைவிரலால் அமுக்குகிற விசை. அமுக்கினால் வண்டி ஓடும், விட்டால் நிற்கும். இடது கையில் பிரேக். அப்படி ஒன்று இருப்பதே பயந்த பிள்ளைக்கு ஞாபகம் வராது. அப்புறம் சிவப்புக் கயிறு. ஒரு முனை பிள்ளையின் மணிக்கட்டில், மறுமுனை வண்டியில் செருகியிருக்கும். பிள்ளை விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொள்ளும், வண்டி செத்துவிடும்.

வண்டிப் பக்கம் என்னோடு இருந்தவள் பாக்கியம். உங்களில் பலருக்கு அவளைத் தெரியும். அன்றைக்கு அவள் புதுசு. மான்குர்த்தில் வீடு. அவளும் திருநெல்வேலிப் பக்கத்துக்காரிதான், அதனால் வந்த நாளிலிருந்தே எனக்கு 'எக்கா' போட்டுவிட்டாள். அவள் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டினவர். முதுகு போய்ப் படுத்துவிட்டார். ஆட்டோ தார்ப்பாய்க்குள் நின்றது. வீட்டில் அடுப்பு எரிவது அவள் சம்பளத்தில்.

ஒரு வாரம் நான் காலை, அவள் மதியம். மறு வாரம் மாறிக்கொள்வோம். அவள் காலையில் திறக்கிற வாரங்களில்தான் அந்தச் சங்கதி ஆரம்பித்தது. நீல வண்டியில் ஏறுகிற முதல் பிள்ளை விரலை எடுத்த பிறகும் வண்டி நிற்காமல் கொஞ்ச தூரம் போகும். போய் ஓரத்துப் பஞ்சு மெத்தையில் முட்டும். பிறகு நாள் முழுக்க ஒழுங்காக ஓடும். நான் திறக்கிற வாரத்தில் ஒரு நாள்கூட அப்படி நடந்ததில்லை. டெக்னீஷியன் வந்து பார்க்கிற நேரத்தில் வண்டி பசுமாடு மாதிரி சாதுவாக நிற்கும்.

"எக்கா ஓட்டினா ஓடுது, நான் ஓட்டினா முட்டுது. வண்டிக்கும் ஆள் தெரியுது பாரு" என்று பாக்கியம் சிரிப்பாள். எனக்கும் உள்ளுக்குள் அப்படித்தான் இருந்தது. அனுபவம் என்றால் சும்மாவா என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனாலும் ஒன்று உறுத்தியது. அவள் என்னைவிடக் கவனமானவள். கயிற்றை மாட்டிவிட்டு இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பாள். பிள்ளையின் கையுறையைக் கழற்றி மறுபடி போட்டுவிடுவாள். நான் அப்படியெல்லாம் மெனக்கெடுகிறவள் இல்லை. மெனக்கெடுகிறவளுக்கு ஏன் முட்டுகிறது? கேள்வி வந்தது. வந்த கேள்வியை நான் சும்மா மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது. மழைக்காலம், பள்ளிக்கூடம் லீவு, வெளியே போக இடமில்லாமல் பம்பாய் முழுக்க மாலுக்குள் வந்துவிட்டது. கூட்டம் என்பதால் இருவருமே காலையில். திறந்தது பாக்கியம். நீல வண்டியின் முதல் பிள்ளை உல்லாஸ்நகரிலிருந்து வந்த ஒரு சின்னப் பெண். இரட்டைப் பின்னல், ஜாக்கெட் முழங்கால் வரை தொங்குகிறது. அவள் அம்மா தடுப்புக்கு வெளியே போனைத் தூக்கிப் பிடித்து நிற்கிறாள்.

பிள்ளை ஒரு சுற்று அழகாக வந்தது. முடியும் இடத்தில் பாக்கியம் கையைக் காட்டினாள். வண்டி நிற்கவில்லை. அவளைத் தாண்டிப் போயிற்று. பாக்கியம் பின்னால் ஓடினாள், பனியில் காலை வாரிக் குப்புற விழுந்தாள். ஒரு ஆள் மெதுவாக ஓடுகிற வேகம்தான் வண்டிக்கு. ஆனால் ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு பனியில் அந்த வேகத்துக்கு ஓட உங்களாலும் முடியாது, ஓடிப் பார்த்திருப்பீர்கள்.

வண்டி சுற்றுகிற வளையத்துக்கு அந்தப் பக்கம், வண்டிகளை உள்ளே கொண்டுவர ஒரு திறப்பு உண்டு. அதைத் தாண்டினால் சறுக்கு மேட்டின் அடிவாரம். மேலேயிருந்து ஆட்கள் காற்றடைத்த டியூபில் உட்கார்ந்து வந்து இறங்குகிற இடம். பிள்ளை பயந்து திருப்ப மறந்துவிட்டது. வண்டி நேராக அந்தத் திறப்பைப் பார்த்துப் போகிறது. மேட்டின் மேலே நின்றவனுக்கு நான் கை காட்டினேன், அவன் நிறுத்தினான். ஆனால் பருத்த மனிதர் ஒருவர் டியூபில் ஏற்கெனவே கிளம்பிவிட்டார். அதைத் திரும்பக் கூப்பிட முடியாது.

தடுப்புக்கு வெளியே அம்மா கத்துகிறாள்: "பகட் கே ரக்! கஸ் கே பகட்!" கெட்டியாய்ப் பிடி, விடாதே என்கிறாள். கண்ணாடிக்குப் பின்னால் நின்ற கூட்டமும் அதையே கத்துகிறது. விழுந்து கிடக்கிற பாக்கியமும் அதையேதான் கத்தினாள்.

இதில் அவர்களைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. இந்த ஊரில் பிள்ளைக்கு நடை வந்ததும் நாம் சொல்லிக் கொடுக்கிற முதல் பாடம் அதுதான். லோக்கல் ரயிலில் கம்பியைப் பிடி, பஸ்ஸில் சீட்டைப் பிடி, ஆட்டோவில் என் கையைப் பிடி. விட்டால் போச்சு. பம்பாய்ப் பிள்ளைக்குப் பயம் வந்தால் கை தானாக இறுகும். அந்தப் பிள்ளையும் சொன்னபடி கேட்டது. இரண்டு கையாலும் உயிரைக் கொடுத்துப் பிடித்திருந்தது. விடாமல் பிடிக்கிற வரைக்கும் அது விழாது, விழாத வரைக்கும் கயிறு பிடுங்காது, கயிறு பிடுங்காத வரைக்கும் வண்டி நிற்காது.

நான் ஓடவில்லை. ஓடினாலும் எட்டாது என்று தெரிந்தது. பிள்ளையின் முகம் நான் நிற்கிற பக்கம் இருந்தது. அது மட்டும்தான் என் கையில் இருந்தது.

"ஹாத் சோட், பேட்டா. கிர் ஜா" என்றேன். கையை விடு, விழுந்துவிடு.

அது என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. விழு என்று பெரியவர்கள் யாரும் அதனிடம் சொன்னதே கிடையாது. இந்தக் கிழவி என்ன சொல்கிறாள் என்று விழிக்கிறது. சொல்லிப் புரியவைக்க நேரம் இல்லை. நான் இரண்டு கையையும் மேலே தூக்கி, பக்கவாட்டில் பொத்தென்று பனியில் விழுந்தேன். இடுப்பு அதற்கப்புறம் ஒரு வாரம் பேசியது. ஆனால் விழுந்து கிடந்தபடியே தலையைத் தூக்கி அதைப் பார்த்துச் சிரித்தேன்.

பிள்ளைகளுக்குச் சொன்னதைச் செய்யச் சோம்பல், பார்த்ததைச் செய்ய ஆசை. அது இரண்டு கையையும் தூக்கியது. பக்கவாட்டில் பொத்தென்று விழுந்தது. கயிறு பிடுங்கியது. வண்டி திறப்பின் வாசலில் செத்து நின்றது. அதன் மூக்குக்கு முன்னால் அந்தப் பருத்த மனிதர் கையை விரித்துக்கொண்டு டியூபில் போனார். என்ன நடந்தது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

பிள்ளை எழுந்து பனியைத் தட்டிக்கொண்டு என்னிடம் வந்து, "ஃபிர் ஸே?" என்றது. இன்னொரு தடவை விழலாமா என்று கேட்கிறது.

உங்களுக்கு இதில் நான் சொல்ல நினைப்பது இதுதான். பிள்ளையை வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால் ஓட்டச் சொல்லிக் கொடுக்காதீர்கள், விழச் சொல்லிக் கொடுங்கள். கீழே பனிதான், மேலே ஜாக்கெட் இருக்கிறது, ஒன்றும் ஆகாது. விழுந்து பார்த்த பிள்ளைக்குத்தான் கையை விட வரும். அப்புறம் கூட்டம் என்ன கத்துகிறதோ அதையே நீங்களும் கத்தாதீர்கள். ஒரு நொடி பிள்ளையின் கையைப் பாருங்கள். அந்தக் கை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தால், என்ன சொல்ல வேண்டும் என்பதும் தெரியும்.

பிள்ளையின் அம்மா மேனேஜரிடம் போய்விட்டாள். அவளுக்கு இரண்டு புகார். வண்டி நிற்கவில்லை என்பது ஒன்று. அதைவிடப் பெரிய புகார், வேலைக்கு இருக்கிற கிழவி என் பிள்ளையை விழச் சொன்னாள் என்பது.

மேனேஜர் மாட்டுங்காக்காரர். பூர்வீகம் பாலக்காட்டுப் பக்கம். குரலை உயர்த்தாத மனிதர். எல்லாரையும் நீங்கோ போங்கோ என்றுதான் பேசுவார். வேலை முடிந்ததும் எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னால் ஏதோ கெட்ட சேதி என்று எங்களுக்குத் தெரியும்.

"நீங்கோ பண்ணினது சரிதான்னு எனக்குத் தெரியும்" என்று என்னிடம் சொன்னார். பாக்கியத்தின் பக்கம் திரும்பியபோது அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "திங்கக்கிழமை மேலிடத்துக்கு நான் பதில் அனுப்பணும். வண்டி ஏன் நிக்கலைன்னு காரணம் எழுதணும். காரணம் இல்லேன்னா பேர் எழுதணும். முட்டின நாளெல்லாம் நீங்கோ திறந்த நாளா இருக்கே. நான் என்ன பண்ணட்டும்?"

பாக்கியம் ஜாக்கெட்டின் ஜிப்பை மேலே இழுத்தாள், கீழே இழுத்தாள். அந்த வேலை போனால் தார்ப்பாய்க்குள் நிற்கிற ஆட்டோவும் போகும். அது அவள் சொல்லாமலே எனக்குத் தெரியும்.

அப்போதுதான் மடியில் வைத்திருந்த கேள்வியை எடுத்தேன். "சார், வண்டிக்கு ஆள் தெரியாது. இவ செய்யுறதுல ஏதோ ஒண்ணு நான் செய்யாதது இருக்கு. இல்லன்னா நான் செய்யுறது ஏதோ ஒண்ணு இவ செய்யாதது இருக்கு. நாளைக்கு ஒரு நாள் விடுங்க, பாத்துச் சொல்லுதேன்" என்றேன். பெரிய வாய்தான். ஆனால் அவர் விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை திறப்பதற்கு முன்னாலேயே இருவரும் போனோம். "நான் இல்லன்னு நினைச்சுக்க. நீ தினம் செய்யுறதை அப்படியே செய்" என்று சொல்லிவிட்டுக் கூடவே நின்றேன். சார்ஜர் பிடுங்கினாள். பட்டையைப் பார்த்தாள். வண்டியைப் பனிக்குள் தள்ளிக்கொண்டு போனாள். விளக்குப் போடுகிறவன் விளக்குப் போடுகிற வரைக்கும் வண்டிக்குப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். பிறகு ஓட்டிப் பார்த்தால் வண்டி நிற்கச் சொன்ன இடத்தில் நின்றது. திரும்பத் திரும்ப ஓட்டினோம், பசுமாடுதான்.

பாக்கியத்தின் முகம் செத்துவிட்டது. "எக்கா, நீ பக்கத்துல நின்னாலே அது ஒழுங்கா இருக்கு. அப்போ என் கைதான் ஆகல" என்றாள்.

எனக்கும் ஒரு நிமிடம் அப்படித்தான் தோன்றியது. உண்மையைச் சொல்கிறேன், அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பெருமை வந்தால் கேள்வி படுத்துக்கொள்ளும். அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நின்றோம். பக்கத்தில் வடாபாவ் விற்கிறவன் அப்போதுதான் தள்ளுவண்டியைத் திறக்கிறான். தகரத்தைத் தண்ணீர்த் துணியால் துடைத்தான், சுற்றிலும் தண்ணீர் தெளித்தான், ஊதுபத்தி காட்டினான். முதல் ஆள் கொடுத்த நோட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். போணி. நம் எல்லாருக்கும் பழகின காட்சிதான். ஆனால் அவன் துணியால் துடைக்கும்போது பாக்கியத்தின் கை தானாக எழுந்து அவள் கண்ணைத் தொட்டுக்கொண்டது. நான் பார்த்துவிட்டேன்.

"ஏட்டி, நீ நீல வண்டிக்குப் போணி செய்வியா?"

திடுக்கென்று திரும்பினாள். கொஞ்ச நேரம் ஸ்டாப்பில் நிற்கிற பஸ்ஸின் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

"ஈரத்துணி போட்டுத் தொடைப்பேன்க்கா. சும்மா ஒரு தொடை, கைப்பிடிக்கு ஒரு சொட்டுத் தண்ணி. எங்க வீட்டுக்காரர் ஆட்டோவத் தொடைக்காம ஒரு நாளும் எடுக்கமாட்டாவ. பிள்ளைய ஏறுத வண்டில்லா இது."

"இன்னிக்குக் காலைல ஏன் செய்யல?"

"நீ பக்கத்துல நிக்கியே. கேலி பண்ணுவ."

கேலி செய்திருப்பேன்தான். அவள் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறாள்.

திங்கட்கிழமை காலையில் மேனேஜரையும் நிற்கவைத்தோம். பாக்கியம் வெட்கப்பட்டுக்கொண்டே ஈரத்துணியால் நீல வண்டியைத் துடைத்தாள். கைப்பிடியில் தண்ணீர் தெளித்து, தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். பாலக்காட்டுக்காரரும் பழக்கத்தில் தன் கையைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். வண்டியை உள்ளே தள்ளி, பனியில் விட்டுவிட்டு, வெளியே வந்து டீ குடித்தோம். திரும்பிப் போய் மேனேஜர் தன் கையுறையைக் கழற்றிவிட்டு விசையை அமுக்கினார். உள்ளே போன விசை உள்ளேயே நின்றது. விரலை எடுத்தார், அது திரும்பி வரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தி இழுத்ததும் 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். ஐஸ் உடைகிற சத்தம். அதற்கப்புறம் விசை நல்லபடியாக வேலை செய்தது.

அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். விசைக்கு அடியில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். நீல வண்டியில் அது கீறியிருந்தது. கண்ணுக்குத் தெரியாத கீறல். அவர் நகத்தால் நெருடித்தான் கண்டுபிடித்தார். துணியின் ஈரம் அதன் வழியாக உள்ளே போகிறது, பனியில் உறைகிறது, முதல் பிள்ளையின் விரல் அதை உடைக்கிற வரைக்கும் விசை ஒட்டிக்கொள்கிறது.

காரணம் கிடைத்துவிட்டது. மனுஷர் அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அவருக்கும் என் வியாதி உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "துடைக்காம ஒரு தரம் பாத்துடலாமே" என்றார். வண்டியை வெளியே கொண்டுவந்தோம். ஜாக்கெட் உலர்த்துகிற ப்ளோயரைப் பிடித்துக் காயவைத்தோம். காய்ந்ததும் சும்மா கொஞ்ச நேரம் சார்ஜ் அறையில் நிறுத்தி, துடைக்காமல் உள்ளே தள்ளி, ஒருவரும் தொடாமல் விட்டோம். மறுபடி டீ. மறுபடி அவர் அமுக்கினார்.

"லேசா பிடிக்கறதே" என்றார்.

துடைக்காமலேயே பிடிக்கிறது. மழைக்காலத்துக் காற்று இருக்கிறதே, அது தன் பங்குக்கு ஒரு துணி போட்டுத் துடைத்துவிட்டுத்தான் போகிறது. அப்படியென்றால் நான் திறந்த வாரமெல்லாம் ஏன் பிடிக்கவில்லை? நானும் அதே கீறல் விழுந்த வண்டியைத்தானே, அதே மழையில், உள்ளே தள்ளினேன்? மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் வண்டியைப் பார்த்தேன்.

பாக்கியம் சிரிக்க ஆரம்பித்தாள். அவளுக்கு அடக்க முடியவில்லை.

"எக்கா, உன் விரலப் பாரு."

பார்த்தேன். அவர் கையை எடுத்த பிறகு நான் கைப்பிடி ஓரமாக நின்றிருந்தேன். என் கட்டைவிரல் விசையை அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டிருந்தது. சாவி போடாத வண்டி, அமுக்கினால் ஓடாது. சும்மா, டிக் டிக் என்று.

"பேசிக்கிட்டு நின்னாலே எக்காவுக்கு அந்த வெரல் சும்மா இருக்காது சார். நேத்துக் காலைலயும் இப்படித்தான் அமுக்கிக்கிட்டே நின்னா. நான் வந்த நாளா பாக்கேன்."

கல்யாணத்துக்கு முன்னால் நான் பீடி சுற்றினவள். கட்டைவிரலுக்கு வேலை இல்லாவிட்டால் எனக்கு எதுவோ குறைகிற மாதிரி இருக்கும். டி.வி. ரிமோட், புடவை முந்தானை, பஸ் டிக்கெட், எதையாவது அது அமுக்கிக்கொண்டே இருக்கும். தினமும் காலையில் வண்டியை உள்ளே தள்ளிவிட்டு, விளக்கு வருகிறவரை, எனக்கே தெரியாமல் அந்த விரல் விசையை உறையவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. அனுபவம், கைராசி என்று நான் நினைத்துக்கொண்டதெல்லாம் அதுதான்.

மேனேஜர் சத்தம் போட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். எனக்குக் கொஞ்சம் முகம் சுண்டியது. அப்புறம் யோசித்தேன். ஒரு வேலை நம் கையில் நன்றாக நடக்கிறது என்றால், ஏன் நடக்கிறது என்று தெரிகிற வரைக்கும் அதை நம் பெருமை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதேபோல ஒருத்தி கையில் கெட்டுப்போகிறது என்றால், அவள் எதைக் கவனிக்காமல் விட்டாள் என்று மட்டும் தேடாதீர்கள். எதை அக்கறையாகச் செய்கிறாள் என்றும் கேளுங்கள். பாக்கியம் நீல வண்டியை அவ்வளவு அக்கறையாகப் பார்க்கப்போய்த்தான் அது முட்டியது. அவள் அதைப் போட்டது போட்டபடி விட்டிருந்தால் இந்த அளவுக்கு வந்திருக்காது.

மேலிடத்துக்கு அன்று போன பதிலில் ரப்பர் மூடியைப் பற்றி இருந்தது, பேர் எதுவும் இல்லை. மேனேஜர் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். புது மூடி வந்தது. மழைக்காற்றுக்கு மூடியை மட்டும் நம்பி விட முடியாது என்பதால் எல்லா வண்டிக்கும் ஒரு வழக்கம் வைக்கலாம் என்றார். உள்ளே போனதும் ஒரு ஆள் கூடவே நடந்து, விசையை அமுக்கி அமுக்கி விட்டு, காலியாக ஒரு சுற்றுக் கொண்டுபோக வேண்டும். அப்புறம்தான் பிள்ளை.

இதை யார் முதலில் செய்வது என்று வந்தபோது நான் என்னைத்தான் சொல்வார் என்று நினைத்தேன். அவர் பாக்கியத்தைக் காட்டினார்.

"நீங்கோதானே போணி பண்றவா. தண்ணியை வாசல்ல தெளிச்சுக்கோங்கோ. வண்டிக்கு உங்க விரல் போதும்."

அன்றைக்கு அவள் ஹாலின் கதவடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தாள். கையை நன்றாகத் துடைத்துக்கொண்டாள். கண்ணில் ஒற்றிக்கொண்டு நீல வண்டியோடு நடந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் நின்ற ஒரு பிள்ளை, யாருமே உட்காராத வண்டிக்கு எதற்கு இந்த அத்தை கூட நடக்கிறாள் என்று தன் அப்பாவிடம் கேட்டிருக்க வேண்டும், அவர் தோளைக் குலுக்கினார். சுற்று முடிந்ததும் பாக்கியம் விரலை எடுத்தாள். வண்டி நின்றது. அதன் பிறகு அவள் திறந்த நாள்களில் வண்டி முட்டியதாக நான் கேட்டதில்லை. தார்ப்பாயைப் பிரித்து ஆட்டோவை இப்போது அவளுடைய மூத்த மகன் ஓட்டுகிறான். துடைக்காமல் எடுப்பதில்லை என்று சொன்னாள். ஆட்டோவுக்குத் துடைக்கலாம்.

விக்ரோலிப் பெண்ணே, நீ கேட்டது இதைத்தான். நாளைக்கு அந்தச் சுற்றை நடக்கும்போது வலது கையுறையைக் கழற்றிவிடு. கையுறை போட்ட விரலுக்கு விசை திரும்பி வருகிறதா, ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று தெரியாது. கட்டைவிரல் குளிரில் செத்துப்போகிற மாதிரி இருக்கும். இருக்கட்டும். உனக்கு அடுத்து அந்த விசையில் விரல் வைக்கப்போகிறது ஒரு சின்னப் பிள்ளை.